ஆறு வீடுகளும் மூன்று கோடிச் சொற்களும்

உளவியலின் நெருக்கடி குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் 2015ஆம் ஆண்டிலிருந்தே கதையைத் தொடங்குகின்றனர். அவ்வாண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த கூட்டாய்வு ஒன்று, முன்னணி உளவியல் இதழ்களில் அச்சேறிய 100 ஆய்வுகளை மீண்டும் நிகழ்த்திப் பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க முடிவுகளைக் காட்டியிருந்தன. மீள்செய்கையில் 36 விழுக்காடே தேறின. மறு ஆண்டு, மனவலிமை பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்ந்துபோகும் என்ற புகழ்பெற்ற கருதுகோளை 23 ஆய்வகங்கள் ஒருசேரச் சோதித்து, ஏறத்தாழச் சுழியத்தையே கண்டன. 2018இல் மார்ஷ்மெல்லோ சோதனையின் முறை வந்தது. தின்பண்டத்தின் முன் காத்திருக்கத் தெரிந்த குழந்தை பின்னாளில் வெல்லும் என்ற அந்த முடிவு, குடும்பப் பின்னணியைக் கணக்கில் சேர்த்ததும் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

இந்தக் கதை உளவியலாளர்களுக்கு வசதியானது. நோய் புள்ளியியலில் இருக்கிறது, மருந்தும் புள்ளியியலில் இருக்கிறது என்று அது சொல்கிறது. சிறிய மாதிரியைப் பெரிதாக்கினால் போதும். கருதுகோளை முன்கூட்டியே பதிவு செய்தால் போதும். தரவைத் திறந்து வைத்தால் போதும். ஆய்வுமுறை வகுப்புகளில் இது ஒரு துறையின் தற்சீர்திருத்தக் காவியமாகவே கற்பிக்கப்படுகிறது. இக்காவியத்தில் ஒரு பெயர் விடுபட்டுப் போகிறது. அது ‘மூன்று கோடிச் சொல் இடைவெளி’. மேற்கண்ட ஆய்வுகள் எல்லாவற்றையும்விட அதிகமான தாய்மார்களின் வாசற்படி ஏறிய ஆய்வு அது. அதன் பிழையை எந்த முன்பதிவும் தடுத்திருக்காது. எண்ணியதில் தவறு நேரவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். எதை எண்ணுவது என்று தீர்மானித்த இடத்திலேயே தவறு நேர்ந்துவிட்டது.

அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி ஆகிய இரு உளவியலாளர்கள் 42 குடும்பங்களைத் தேர்ந்து, குழந்தை ஏழு முதல் ஒன்பது மாதத்தில் இருக்கும்போது தொடங்கி மூன்று வயது ஆகும்வரை, மாதம் ஒரு மணிநேரம் அவ்வீடுகளில் அமர்ந்து பேச்சைப் பதிவு செய்தனர். கடின உழைப்புத்தான், ஐயமில்லை. பதிவை எழுத்தாக்கவும் குறியிடவும் ஆண்டுகள் பல பிடித்தன. 1995இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வின் மையத்தில் மூன்று எண்கள் உள்ளன. உயர்தொழில் புரிவோர் வீட்டில் குழந்தையை நோக்கி மணிக்கு 2,153 சொற்கள். உழைக்கும் வர்க்க வீட்டில் 1,251. அரசின் நலவுதவித் தொகையில் வாழும் வீட்டில் 616.

இனி அந்த 42 குடும்பங்களைப் பிரித்துப் பார்க்கலாம். உயர்தொழிலினர் 13, நடுத்தட்டினர் 10, கீழ்த்தட்டினர் 13, நலவுதவி பெறுவோர் 6. ஆம், ஆறே குடும்பங்கள். அந்த ஆறும் கறுப்பினக் குடும்பங்கள். உயர்தொழிலினர் பதின்மூவரில் கறுப்பினக் குடும்பம் ஒன்றே ஒன்று. வர்க்கமும் நிறமும் இப்படிப் பின்னிக் கிடக்கும் ஒரு மாதிரியிலிருந்து ‘வறுமையின் மொழி’ என்று ஒன்றைப் பிரித்தெடுக்க முடியாது என்பதை முதலாண்டு மாணவரும் சொல்லிவிடுவார். அதை நூலின் மதிப்புரையாளர்களும் சொன்னார்கள். எவர் காதிலும் ஏறவில்லை.

ஒவ்வொரு குழந்தைக்கும் கையில் இருந்தது ஏறத்தாழ 30 மணிநேரப் பதிவு. அதை வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் வாரத்துக்கு 100 மணிநேரம், ஆண்டுக்கு 5,200 மணிநேரம், நான்கு ஆண்டுகளுக்கு 20,800 மணிநேரம் என்று பெருக்கினர். பெருக்கத்தின் ஒரு முனையில் 4.5 கோடிச் சொற்கள், மறுமுனையில் 1.3 கோடி. கழித்தால் 3.2 கோடி. பத்திரிகைத் தலைப்புக்கு ஏற்ப அது 3 கோடியாகச் சுருங்கியது. குழந்தைகளைப் பார்த்தது மூன்று வயது வரை. கணக்கு நான்கு வயதுக்கு. 2003இல் ஆசிரியர்களுக்கான ஓர் இதழில் இருவரும் எழுதிய கட்டுரையின் தலைப்போ ‘மூன்று வயதுக்குள்’ என்று முழங்கியது. எவரும் அந்த ஓராண்டை எங்கே தொலைத்தீர்கள் என்று கேட்கவில்லை. இதில் வேடிக்கை என்னவெனில், தாம் ஆராயாத மனிதர்களுக்கும் சூழல்களுக்கும் முடிவுகளை நீட்டக்கூடாது என ஆய்வாளர்கள் எச்சரிப்பது வழக்கம் என்று அக்கட்டுரையே சொல்கிறது. சொல்லிவிட்டு அடுத்த அடியில் நீட்டத் தொடங்குகிறது.

கணக்கின் ஓட்டைகளை இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் கணக்கைச் சரிசெய்துவிட்டால் ஆய்வு சரியாகிவிடும் என்ற எண்ணத்துக்கு அது இடம் தந்துவிடும். 2017இல் லீனா என்னும் பதிவுக்கருவியைக் கொண்டு 329 குடும்பங்களில் நாள்முழுதும் பதிவு செய்தபோது, மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே நான்கு வயதுக்குள் காணப்பட்ட வேறுபாடு ஏறத்தாழ 40 லட்சம் சொற்களே. மூன்று கோடி நாற்பது லட்சமாகிவிட்டது. விவாதம் முடிந்தது என்று சிலர் எண்ணினர். முடியவில்லை. எண் சிறுத்தாலும் கேள்வியின் வடிவம் அப்படியே நின்றது: ஏழைத் தாய் எவ்வளவு குறைவாகப் பேசுகிறாள்?

அந்தக் கேள்வியை எழுப்பிய சூழலைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓர் அந்நியர் வீட்டுக்குள் வருகிறார். கையில் ஒலிப்பதிவுக் கருவி, குறிப்பேடு. பேசமாட்டார், சிரிக்கமாட்டார், விளையாட்டில் சேரமாட்டார். ஓரமாக அமர்ந்து எழுதிக்கொண்டே இருப்பார். பல்கலைக்கழகப் பேராசிரியரின் வீட்டில் இந்த வருகைக்கு ஒரு பொருள்; தொகையை எப்போது நிறுத்துவார்களோ என்று அலுவலர்களின் முகம் பார்த்து வாழும் வீட்டில் அதற்கு வேறொரு பொருள். முதலாமவர் தம் பிள்ளையின் திறமையைக் காட்சிப்படுத்த உரக்கப் பேசுவார். இரண்டாமவர் வாயை மூடிக்கொள்வார். அது மொழி இன்மையின் அடையாளம் அன்று, அனுபவ அறிவின் அடையாளம். குழந்தைகளின் சொல்வளத்தையும் அவ்வாய்வு அதே பதிவுகளிலிருந்தே கணக்கிட்டது: மூன்று வயதில் ஒரு புறம் 1,116 சொற்கள், மறுபுறம் 525. குழந்தை அறிந்த சொற்கள் என்று இவை மேற்கோள் காட்டப்படுகின்றன. அந்நியர் முன்னிலையில் குழந்தை வாய்திறந்து சொன்ன சொற்கள் என்பதே சரி.

மொழியியலாளர்களுக்கு இது புதிய செய்தியே அன்று. வில்லியம் லபோவ் 1969இலேயே இதைக் காட்டிவிட்டார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பினச் சிறுவர்கள் மொழியற்றவர்கள், ஒற்றைச் சொல்லில் பதில் தருபவர்கள் என்று அன்றைய கல்வி உளவியல் சாதித்துக்கொண்டிருந்தது. அவர்களின் பேச்சு தருக்கமற்ற வெளிப்பாடு மட்டுமே என்று எழுதியவர்களும் இருந்தனர். லபோவின் குழுவைச் சேர்ந்த, ஹார்லெமிலேயே வளர்ந்த நேர்காணலாளர் ஒருவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் பேசினார். அவரிடமும் சிறுவன் முதலில் ஓரிரு சொற்களுக்கு மேல் பேசவில்லை. அடுத்த சந்திப்புக்கு அவர் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிச் சென்றார். சிறுவனின் உற்ற நண்பனையும் உடன் அழைத்துக்கொண்டார். நாற்காலியை விட்டுத் தரையில் அமர்ந்தார். பெரியவர்கள் முன் சொல்லத்தகாத சொற்களைத் தாமே பேச்சில் இறக்கினார். அவ்வளவுதான். ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு, போட்டியிட்டுக்கொண்டு இரு சிறுவர்களும் பேசத் தொடங்கினர். அதே சிறுவன், அதே மூளை, அதே வீட்டு மொழி. மாறியது சோதிப்பவர் அமர்ந்த உயரம்.

லபோவின் கட்டுரை மொழியியல் முதுகலைப் பாடத்தில் தவறாமல் இடம்பெறுகிறது. அதற்குக் கால்நூற்றாண்டு கழித்து வந்த ஹார்ட்–ரிஸ்லி நூலோ, அப்படியொரு கட்டுரை எழுதப்படவே இல்லை என்பதுபோல நடந்துகொண்டது. ஷெர்லி பிரைஸ் ஹீத் 1983இல் வெளியிட்ட இனவரைவியல் நூலும் அப்படியே ஓரங்கட்டப்பட்டது. கரோலினா மாநிலங்களின் இரு உழைப்பாளர் குடியிருப்புகளில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பழகி எழுதப்பட்ட நூல் அது. கறுப்பினக் குடியிருப்பில் பெரியவர்கள் தமக்கு விடை தெரிந்த கேள்வியைக் குழந்தையிடம் கேட்பதில்லை என்று ஹீத் கண்டார். ‘இது என்ன நிறம்?’ என்று நிறம் தெரிந்த ஒருவர் கேட்பது அங்கே அறிவீனம். ‘இது எதைப் போல இருக்கிறது?’ என்று கேட்பார்கள். உவமை கேட்டுப் பழகிய குழந்தை பள்ளிக்குச் சென்றதும் நிறம் கேட்கப்படுகிறது; விழிக்கிறது. விழித்ததைப் பள்ளி குறைபாடு என்று பதிகிறது. உளவியலின் எண்ணிக்கைத் தாளில் உவமைக்கு எந்தக் கட்டமும் கிடையாது.

கட்டம் என்றதும் இன்னொன்றைக் கேட்டாக வேண்டும். சொல் என்றால் என்ன? மொழியியலில் நூறாண்டுகளுக்கு மேலாக ஒருமித்த விடை கிடைக்காத கேள்வி இது. கருவிக்கோ ஒரு நொடியில் கிடைத்துவிடுகிறது. ‘வந்திருக்கமாட்டான்’ என்று தமிழ்த் தாய் ஒருத்தி சொன்னால் அது ஒரு சொல். அதையே ஆங்கிலத் தாய் சொன்னால் ஐந்து சொற்கள். ‘வீட்டிலிருந்து’ என்பது இங்கே ஒன்று, அங்கே மூன்று. எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது தமிழின் இயல்பு, ஆங்கிலம் விடாது. ஒட்டுநிலை மொழி பேசும் எந்தத் தாயும் இந்தக் கணக்கில் பிறவியிலேயே கடனாளி. கான்சஸ் சிட்டியின் வீடுகள் அனைத்திலும் ஆங்கிலமே பேசப்பட்டதால் அவ்வாய்வுக்குள் இந்தச் சிக்கல் எழவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த எண் கான்சஸ் சிட்டியில் தங்கிவிடவில்லையே. மழலையர் கல்வி பற்றிய கருத்தரங்குகளில், எந்த மொழியின் எந்தச் சொல் என்ற விளக்கம் இன்றி, உலகப் பொதுவான ஓர் இயற்கை மாறிலியைப் போல அது சுவரில் ஒளியூட்டப்படுகிறது.

2018இல் டக்ளஸ் ஸ்பெரி, லிண்டா ஸ்பெரி, பெக்கி மில்லர் ஆகியோர் இந்த ஆய்வை நேரடியாக எதிர்கொண்டனர். அமெரிக்காவின் ஐந்து சமூகங்களில் வளர்ந்த 42 குழந்தைகளைப் பற்றி அவர்களிடம் இருந்த நீண்டகாலப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, மூன்று வகையாக எண்ணினர்: முதன்மைப் பராமரிப்பாளர் குழந்தையிடம் பேசியது, வீட்டிலுள்ள எல்லாரும் குழந்தையிடம் பேசியது, குழந்தையின் காதில் விழும்படி சுற்றிலும் பேசப்பட்டது. அலபாமாவின் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களில் குழந்தைகள் கேட்ட பேச்சு, ஹார்ட்–ரிஸ்லியின் ஆறு குடும்பங்களைக் காட்டிலும் மிகக் கூடுதலாக இருந்தது. ஒரே பொருளாதாரத் தட்டில் இருந்த சமூகங்களுக்கிடையிலேயே பெரும் வேறுபாடுகள் தென்பட்டன. பாட்டி, அத்தை, அண்ணன், பக்கத்து வீட்டார் ஆகியோரைச் சேர்த்தவுடன் எண்ணிக்கை ஏறியது. இது எவருக்கும் வியப்பளிக்க வேண்டியதில்லை. தாயும் குழந்தையும் மட்டும் ஓர் அறையில் தனித்திருப்பது மனித வாழ்வின் பொதுவடிவம் என்று எண்ணுவோருக்கு மட்டுமே அது வியப்பு.

மறுப்பு உடனே வந்தது. ராபர்ட்டா கோலின்காஃப், எரிகா ஹாஃப், மெரடித் ரோ, கேத்தரின் டாமிஸ்-லெமொண்டா, கேத்தி ஹர்ஷ்-பாசெக் ஆகிய ஐவரும் குழந்தைமொழி ஆய்வில் பெரும்பெயர்கள். அவர்களை எளிதில் தள்ளிவிட இயலாது. அவர்களின் வாதங்களில் ஒன்று முற்றிலும் சரி: ஸ்பெரி குழுவின் தரவில் உயர்தொழிலினர் குடும்பங்கள் இல்லை, எனவே மேலுக்கும் கீழுக்கும் இடையே இடைவெளி இல்லை என்று அத்தரவைக் கொண்டு நிறுவ முடியாது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டாம் வாதம், காதில் விழும் பேச்சைக் காட்டிலும் குழந்தையை நோக்கிய பேச்சே தொடக்கச் சொல்வளத்துக்கு உதவுகிறது என்பது. இதற்கும் சான்று உண்டு. 2013இல் அட்ரியானா வைஸ்லெடர், ஆன் ஃபெர்னால்ட் இருவரும் ஸ்பானியம் பேசும் 29 ஏழைக் குடும்பங்களில் நடத்திய ஆய்வு அவர்கள் பக்கம் நிற்கிறது.

ஆனால் அதே ஆய்வை இன்னும் ஒரு பத்தி கீழே படிக்க வேண்டும். அந்த 29 குடும்பங்களும் ஒரே வறுமைக்குள் இருந்தவை. பத்து மணிநேரப் பகற்பொழுதில் ஒரு குழந்தையை நோக்கிப் பேசப்பட்ட சொற்கள் 12,000க்கு மேல். இன்னொரு குழந்தைக்கு 670. ஒரே வர்க்கத்துக்குள் ஏறத்தாழப் பதினெட்டு மடங்கு வேறுபாடு! ஹார்ட்–ரிஸ்லி வர்க்கங்களுக்கிடையே கண்டது மூன்றரை மடங்கே. குழந்தையிடம் பேசுவது நல்லது என்பதற்கு இது சான்று, சரி. ஏழைகள் பேசுவதில்லை என்பதற்கு இதைவிட வலுவான மறுப்பு வேறு எங்கே கிடைக்கும்? இரண்டு கூற்றுகளையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியதால், முதலாவதற்கான சான்று இரண்டாவதன் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. இந்த விவாதம் முழுவதையும் நடத்திச் செல்வது இந்தக் கைமாற்றுத்தான்.

முதற்கூற்றுமேகூட, உலகை விரித்துப் பார்த்தால், அவ்வளவு எளிதன்று. மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் செல்டால் என்னும் மாயன் மொழி பேசும் ஊரொன்றில் மரிசா கசியாஸ் குழுவினர் பதிவு செய்தபோது, குழந்தையை நோக்கிய பேச்சு மணிக்குச் சராசரியாக 3.6 நிமிடமே இருந்தது. அங்கே குழந்தை பெரும்பாலும் முதுகில் சுமக்கப்பட்டு, பெரியவர்களின் உலகைப் பார்த்தும் கேட்டும் வளர்கிறது. ஆயினும் மழலை, முதற்சொல், சொற்சேர்க்கை ஆகிய படிகளை அக்குழந்தைகள் பிற சமூகக் குழந்தைகளைப் போன்றே எட்டினர். பொலிவியாவின் சிமானே மக்களிடையே பகற்பொழுதில் மணிக்கு ஒரு நிமிடமும் தேறவில்லை. அங்கும் மக்கள் பேசுகிறார்கள்; தலைமுறை தலைமுறையாகப் பேசுகிறார்கள். 2023இல் எலிகா பெர்கல்சன் தலைமையில் 12 நாடுகளில் 43 மொழிகளைக் கேட்டு வளரும் 1,001 குழந்தைகளின் நாள்முழுப் பதிவுகள் ஒருங்கே ஆராயப்பட்டன. குழந்தை எவ்வளவு பேசுகிறது என்பதோடு வயதும் சுற்றியுள்ள பெரியவர்களின் பேச்சும் தொடர்புற்றிருந்தன. தாயின் கல்வித்தகுதி தொடர்புறவில்லை. சமூகத் தட்டுக்குத் தாயின் கல்வியை மட்டும் அளவுகோலாகக் கொண்டது போதாது என்ற வாதத்துக்கு இடமுண்டு. அந்த வாதம் நடக்கட்டும். நடத்துவதற்கு 1,001 குழந்தைகளேனும் இருக்கிறார்கள். மூன்று கோடிக்கு இருந்தவர்கள் ஆறு பேர்.

ஐவரின் மூன்றாவது வாதம்தான் தலைப்பிலேயே இருந்தது: இடைவெளியை மறுப்பது கடும் விளைவுகளைத் தரும். ஏழைக் குழந்தைகளுக்கான திட்டங்களின் நிதி வற்றிவிடும் என்ற அச்சம் அது. அச்சம் நேர்மையானதாகவே இருக்கலாம். ஆயினும் ஒரு கூற்று பொய்யானால் என்ன இழப்போம் என்பது, அது மெய் என்பதற்கு ஆதாரமாகாது. மேலும் நிதி எங்கே சென்றது என்று பார்ப்பது தகும். 2013இல் ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரம், இந்த இடைவெளியை மூடும் திட்டத்துக்காகப் புளூம்பெர்க் அறக்கட்டளையின் போட்டியில் 50 லட்சம் டாலர் பரிசு பெற்றது. குழந்தையின் உடையில் சொல்லெண்ணும் கருவி பொருத்தப்பட்டது. எண்ணிக்கையைக் காட்டித் தாய்க்குப் பயிற்சி தரப்பட்டது. மறு ஆண்டு வெள்ளை மாளிகையிலேயே இது குறித்துக் கூட்டம் நடந்தது. அதே நாட்டில், பிள்ளை பெற்ற தாய்க்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பை எல்லாத் தொழிலாளர்க்கும் உறுதிசெய்யும் தேசியச் சட்டம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பும் பெண்ணிடம், குழந்தையோடு இன்னும் ஆயிரம் சொற்கள் கூடுதலாகப் பேசு என்று சொல்வதற்குச் செலவு குறைவு. அவளுக்கு நேரம் தருவதற்குச் செலவு அதிகம். மூன்று கோடி என்ற எண்ணின் நீண்ட ஆயுளுக்கு இந்த விலை வேறுபாட்டைத் தவிர வேறு விளக்கம் தேடுவது வீண்.

‘எண் தவறாக இருந்தால் என்ன, குழந்தையிடம் பேசுங்கள் என்பது நல்ல அறிவுரைதானே’ என்று கேட்போர் உண்டு. நல்ல அறிவுரைதான். அதைச் சொல்ல ஆறு குடும்பங்களைக் குற்றக்கூண்டில் ஏற்றத் தேவையில்லை. ஹார்ட்–ரிஸ்லி ஊக்கச் சொற்களையும் தடைச் சொற்களையும்கூட எண்ணினர்: உயர்தொழிலினர் வீட்டில் மணிக்கு 32 ஊக்கங்கள், 5 தடைகள், நலவுதவி வீட்டில் 5 ஊக்கங்கள், 11 தடைகள். தெருவில் ஆபத்து மிகுந்த ஒரு சுற்றுப்புறத்தில், குழந்தைக்கென்று தனி அறை இல்லாத ஒரு வீட்டில், ‘தொடாதே’, ‘போகாதே’ என்பவை அன்பின் வினைச்சொற்கள் என்பதை எண்ணிக்கைத் தாள் எப்படி அறியும்? கட்டளை வாக்கியத்தின் வடிவத்தைக் கண்டு அதன் பயன்பாட்டைத் தீர்மானிப்பது, பயன்வழியியலின் முதல் பாடத்திலேயே தோற்கும் விடை.

இந்தியாவில் இந்த எண் வேறொரு மொழியில் வாழ்கிறது. ‘வீட்டில் மொழிச்சூழல் இல்லை’ என்பதே அதன் இந்தியப் பெயர். முதல் தலைமுறைப் பட்டதாரிகளைப் பற்றி, பழங்குடிக் குழந்தைகளைப் பற்றி, தலித் மாணவர்களைப் பற்றி, ஆசிரியர் அறைகளிலும் தேர்வுக்குழுக்களிலும் மிகுந்த அனுதாபத்துடன் சொல்லப்படும் வாக்கியம் அது. வீட்டில் எந்த மொழி, எத்தனை மொழி, யார் யாரோடு பேசினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் பேசும் மொழிகள் மட்டுமே 121 உள்ள ஒரு நாட்டில், மொழிச்சூழல் இல்லாத வீட்டைக் கண்டுபிடிப்பது உண்மையில் அரிய சாதனையாக இருக்கும். பள்ளியின் மொழி வீட்டில் இல்லை என்பதே சொல்ல வந்தது. அதைத் திருப்பிப் போட்டால் வீட்டின் மொழி பள்ளியில் இல்லை என்றாகும். முதல் வாக்கியம் தாயைக் குற்றம் சொல்கிறது, இரண்டாவது அரசை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பயிற்றுமொழி ‘இயன்ற வரை’ தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. இயலாமையின் பொறுப்பு எப்போதும் வீட்டின் தலையில் விழும் வகையில் அந்த ‘இயன்ற வரை’ வசதியாக நெகிழ்ந்து கொடுக்கிறது.

இத்தனைக்கும், வறுமையையும் மொழியையும் எப்படிப் பிரித்து ஆராய்வது என்பதற்கு இந்தியாவிலேயே முன்மாதிரி உண்டு. அஜித் மொஹந்தி ஒடிசாவின் கோந்த் பழங்குடிக் குழந்தைகளிடம் 1970களின் இறுதியிலிருந்து நடத்திய ஆய்வுகள் அவை. கோந்த் மக்களின் ஒரு பகுதியினர் தமிழின் குடும்பத்தைச் சேர்ந்த குயி மொழியை ஒடியாவோடு சேர்த்துப் பேசிவந்தனர். இன்னொரு பகுதியினர் குயியை இழந்து ஒடியா மட்டுமே பேசினர். இனம் ஒன்று, பண்பாடு ஒன்று, ஏழ்மை ஒன்று. மொழிநிலை மட்டும் வேறு. இருமொழிக் குழந்தைகள் மொழியைப் பற்றிச் சிந்திக்கும் திறனைச் சோதிக்கும் பணிகளில் மேம்பட்டிருந்தனர். இருமொழியாளருக்கு அறிவாற்றல் அனுகூலம் உண்டா என்ற பொதுக்கேள்வியும் இன்று கடும் சர்ச்சைக்குள்ளானதுதான். அனுகூலத்தைக் காட்டும் ஆய்வுகளே எளிதில் அச்சேறின என்று 2015இல் காட்டப்பட்டது. அந்தச் சர்ச்சை எப்படி முடிந்தாலும் மொஹந்தியின் ஆய்வு வடிவமைப்பு நிற்கும். வறுமையை இருபுறமும் சமமாக நிறுத்திவிட்டுத்தான் அவர் மொழியை அளந்தார். பழங்குடி வீட்டின் மொழியைச் சொத்தாகக் கருதி அளக்கப் புகுந்தார். கான்சஸ் சிட்டியில் இவ்விரண்டும் நடக்கவில்லை. ஆயினும் இந்திய மாணவர் ஒருவரிடம் குழந்தைமொழி ஆய்வில் ஓர் எண் கேட்டால் மூன்று கோடி என்பார். கோந்த் குழந்தைகளைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான்.

ஆய்வேடுகளின் முன்னாய்வு அத்தியாயங்களில் ‘ஹார்ட், ரிஸ்லி, 1995’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதி அடுத்த வரிக்குப் போய்விடும் வழக்கம் இனியும் தொடர வேண்டியதில்லை. எழுதுவோர் அதே வரியில் ஆறு குடும்பங்கள் என்றும், ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ முப்பது மணிநேரம் என்றும், நோக்கர் பேசாமல் அமர்ந்திருந்தார் என்றும் சேர்த்து எழுதட்டும். நெறியாளர்கள் அந்த வரியைச் சுருக்கச் சொன்னால், எதை நீக்குவது என்று அவர்களையே கேட்கலாம்.